யாரும் வரையாத பாலம்

ஞாயிற்றுக்கிழமை

என் அன்புக்குரிய மகாராணிக்கு,

உன் கணவன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் ஒரே வீட்டில் பெரிய சண்டை எதுவும் இல்லாமல் நலமாக இருக்கிறோம். அங்கே நீயும் உன் வார்டில் படுத்திருப்பவர்களும் சுகமாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே, "சீக்கிரம் சொல்லுங்க, ட்ரிப்ஸ் மாத்தணும்" என்கிறாய். இந்தச் செய்தியை ட்ரிப்ஸுக்கு நடுவில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. டீயை ஊற்றிக்கொண்டு, விடுதிக் கட்டிலில் வசதியாக உட்கார்ந்து படி.

நம் ஊருக்குச் சேவை மையம் வருகிறது! ஊர் என்றால் எங்கோ ஊர்க்கோடிக்கு இல்லை. நம் தெருமுனையில் பூட்டிக் கிடக்கிறதே மர டிப்போ, அதே இடத்துக்கு!

விவரமாகச் சொல்கிறேன். ஆற்றுக்கு இந்தக் கரையும் அந்தக் கரையும் சேர்த்து, நம் வட்டாரத்துக்கே ஒரு மையம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரே வளாகத்தில் சுகாதார நிலையம், விதைக் கிடங்கு, மாட்டு டாக்டர், வங்கிக் கவுண்டர் எல்லாம் இருக்கும். எங்கே கட்டுவது என்பதில்தான் இவ்வளவு நாள் இழுபறி. முன்பெல்லாம் யாருடைய குரல் பெரிதோ அவருடைய ஊருக்குப் போய்விடும். இந்தத் தடவை எங்கள் ஜி.ஐ.எஸ். பிரிவு காட்டுகிற இடத்தில்தான் என்று மேலிடமே சொல்லிவிட்டது. "நாள் பூரா மேப்பை முறைச்சுப் பார்க்க ஒரு சம்பளமா" என்று நீ கிண்டல் செய்வாயே, அந்தப் பிரிவேதான்.

நாங்கள் செய்வதைச் சொன்னால் ரொம்பச் சுலபம். கணினியில் மேப்பின் மேல் மேப்பாக அடுக்குகிறோம். ஒன்றில் ஊர்களும் ஜனங்களும், ஒன்றில் சாலைகள், ஒன்றில் ஆறும் ஓடைகளும், ஒன்றில் ஏற்கெனவே இருக்கிற ஆஸ்பத்திரிகள். பிறகு ஒரு கேள்வி கேட்கிறோம்: மையத்தை எங்கே வைத்தால் மிக அதிகம் பேர் அரை மணி நேரத்துக்குள் வந்து சேரலாம்? கணினி ஒவ்வொரு சாலையாக ஓடிப் பார்த்துவிட்டு ஒரு புள்ளி வைக்கும். சீக்கிரம் வரக்கூடிய ஊர்கள் பச்சை, வர முடியாதவை சிவப்பு. அந்தச் சாலைகளை வரைவதுதான் பெரும்பாடு. செயற்கைக்கோள் படத்தை வைத்துக்கொண்டு, ஆற்றுக்கு இந்தப் பக்கம் முழுவதும் நானும், அந்தப் பக்கம் முழுவதும் எங்கள் சர்வேயரம்மாவும் கண் பூத்துப்போகும்வரை கோடு போட்டோம்.

வெள்ளிக்கிழமை மாலை பொத்தானைத் தட்டினோம். அறையில் ஏ.சி. ஒழுகி வாளியில் சொட்டும் சத்தம் மட்டும்தான். கணினி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு புள்ளி வந்து நம் தெருமுனையில் உட்கார்ந்தது! நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் உருண்டுபோய் அதிகாரியின் கதவில் மோதியது. அவரைத்தான் உனக்குத் தெரியுமே, எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பவர். வெளியே வந்து திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "புள்ளியை நீங்க தள்ளி வைக்கலையே?" என்றார். சர்வேயரம்மாதான் எனக்காகச் சத்தியம் செய்தார்.

புரிகிறதா உனக்கு? சுகாதார நிலையம் என்றால் நர்ஸ் வேலை இருக்கும். உன் அனுபவத்துக்கு உன்னை விட்டால் அவர்களுக்கு யார் கிடைப்பார்கள்? மூன்று வருஷமாக நீ அந்த விடுதியிலும் நான் உன் அம்மாவிடமும் மாட்டிக்கொண்டு முழிக்கிறோமே, அதற்கு விடிவுகாலம் வந்துவிட்டது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அத்தையிடம் மட்டும் சொன்னேன், யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று கெஞ்சிச் சொன்னேன். நான் செருப்பைக் கழற்றிவிட்டு முகம் கழுவி வருவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. "எம் பொண்ணு இனிமே மதியம் சாப்பிட வீட்டுக்கே வந்துடுவா" என்று மாடி வீட்டுக்காரியிடம் மார்தட்டிக்கொண்டிருக்கிறார். உன் அறைக்குப் பெயின்டரைக் கூப்பிட்டாயிற்று. என்ன நிறம் என்று உன்னைக் கேட்கலாம் என்றேன். "அவளைப் பெத்தவளுக்குத் தெரியாதா" என்று இளநீலம் சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு சடங்கு பாக்கி. அதிகாரி கையெழுத்துப் போடுவதற்கு முன், மேப்பில் எந்த ஊர் மிகச் சிவப்பாக இருக்கிறதோ அங்கே நாங்கள் நேரில் போய்விட்டு வர வேண்டும். எங்கள் அலுவலகத்து வழக்கம் அது. செவ்வாய்க்கிழமை போகிறோம். அக்கரையில் ஒரு ஊர். கணினிக் கணக்குப்படி, போய்த் திரும்பவே ஒரு பகல் ஓடிவிடும்.

வேளைக்குச் சாப்பிடு. கால் வீங்குகிறது என்றாயே, நிற்கும்போது பார்த்து நில்.

உன் பதிலுக்காகத் தபால்காரரை வழிமறிக்கத் தயாராக இருக்கும்,
உன் கணவன்


வியாழக்கிழமை

மகாராணிக்கு,

முதல் கடிதம் உன் கைக்கு வந்ததோ இல்லையோ, அதற்குள் இதை எழுதுகிறேன். நடந்ததைக் கேட்டால் நீ சிரிப்பாய். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

செவ்வாய்க்கிழமை காலை நானும் சர்வேயரம்மாவும் ஒரு நாளைக்கு வேண்டிய சாப்பாடு, தண்ணீர், மழைக்கோட்டு எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு என் வண்டியில் கிளம்பினோம். அவர் பின்னால் உட்கார்ந்து டேப்லெட்டில் எங்கள் மேப்பைத் திறந்து வைத்திருந்தார். நாங்கள் போகப் போக ஒரு நீலப் புள்ளி அதில் கூடவே நகரும். புதுப் பாலத்தில் ஏறி நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறேன், பின்னாலிருந்து ஒரு அலறல். "சார், வண்டியை நிறுத்துங்க! நாம தண்ணியில போயிட்டிருக்கோம்!" என்றார்.

நிறுத்திப் பார்த்தேன். நீலப் புள்ளி நட்டாற்றில் நின்றது. எங்கள் மேப்பில் பாலமே இல்லை!

"பாலம் உங்க பக்கம்னு நினைச்சேன் சார்" என்றார் அவர். "அது உங்க பக்கம்னு நான் நினைச்சேன்" என்றேன் நான். இந்தக் கரை வரைக்கும் அழகாகக் கோடு போட்டு நான் நிறுத்தியிருக்கிறேன். அந்தக் கரையிலிருந்து அழகாக அவர் ஆரம்பித்திருக்கிறார். நடுவில் உள்ள பாலத்தை ஒருத்தரும் வரையவில்லை. கணினி பாவம், பாலம் இல்லையென்று நம்பி அக்கரை ஜனங்களை ஆற்றைச் சுற்றிப் பழைய அணைக்கட்டு வழியாக அனுப்பியிருக்கிறது. அதனால்தான் அங்கே அத்தனை சிவப்பு. அக்கரை என்றாலே தொலைவு என்று எங்களுக்கும் பேசிப் பேசிப் பழகிவிட்டதால், ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். லாரிக்காரர் ஒருவர் ஹார்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார்.

பிறகு சிரிப்பு நின்றது. பாலத்தை வரைந்தால் புள்ளி நம் தெருமுனையில் நிற்காது, அக்கரைக்குப் போய்விடும்; நர்ஸ் மையத்திலேயே தங்க வேண்டும் என்பதால் நீ நம் வீட்டோடு இருக்கவும் முடியாது. எனக்கு அது அங்கேயே தெரிந்துவிட்டது. சர்வேயரம்மாவுக்கும் தெரிந்தது. அவருக்கு உன் விஷயம் தெரியும். டேப்லெட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, "நான் ஒண்ணும் பார்க்கல சார். நீங்க சொல்றதுதான்" என்றார். உன்னிடம் மறைக்க மாட்டேன், எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. நாங்கள் இருவரும் வாயைத் திறக்காவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஒரு பகல் ஆகும் என்று போன ஊருக்கு டீ நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம். பள்ளிக்கூடச் சுவரில் மருத்துவ முகாம் நடக்கும் நாளை வண்ணத்தில் பெரிதாக எழுதியிருந்தார்கள். அது போன வருஷத்து நாள். பெஞ்சில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு போன சாப்பாட்டைப் பிரித்தேன், அப்படியே மூடிவிட்டேன்.

நேற்றுக் காலை அலுவலகம் திறந்ததும் பாலத்தை வரைந்தேன். திரையில் அது நகக்கண் அளவுகூட இல்லை. பொத்தானைத் தட்டினேன். அடியம்மா, நீ பார்த்திருக்க வேண்டும்! அக்கரை ஊர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகிக்கொண்டே போயின. புள்ளி ஆற்றைத் தாண்டிக் குதித்து மூன்று சாலை கூடும் இடத்தில் போய் உட்கார்ந்தது. முன்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஜனங்கள் அரை மணிக்குள் வந்துவிடுகிறார்கள். நம் ஊரும் பச்சையாகத்தான் இருக்கிறது. என் தலையில் மண்ணைப் போட்ட புள்ளிக்கு நானே கை தட்டினேன். இத்தனை வருஷ உத்தியோகத்தில் எனக்கு இப்படி மயிர்க்கூச்செறிந்ததில்லை.

அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நீ அந்த வேலைக்கு விண்ணப்பிக்கக்கூடும் என்பதையும் சேர்த்து. "மேலிடத்துக்கு நான் சொன்னப்புறமா சொல்றீங்க?" என்று கத்தினார். பிறகு இரண்டு மேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அன்றைக்கு ஒரு தடவைகூட "பார்க்கலாம்" என்று சொல்லவில்லை. புது மேப்பில் கையெழுத்துப் போட்டார்.

அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. பெயின்டர் இரண்டு சுவரை முடித்துவிட்டார்.

உன் தலைவலிக்கு மருந்து வாங்கினாயா? நீயே நர்ஸ், உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டுக்குள் ஒளிந்து நடமாடும்,
உன் கணவன்


சனிக்கிழமை

அன்புள்ள மகாராணிக்கு,

போன வாரம் எழுதிய இரண்டு கடிதமும் கிடைத்தது என்று போனில் சொன்னாய். "நல்ல காரியம் செஞ்சீங்க" என்றாய். கேட்டு எனக்கு வாயெல்லாம் பல். ஆனால் வேலையைப் பற்றிக் கேட்டபோது பிடி கொடுக்காமல் பேசினாய். அடுத்த வருஷம் உன்னை வார்டுக்குப் பொறுப்பாளர் ஆக்கப் போகிறார்கள் என்றாய். அறுவை அரங்கில் பெரிய டாக்டர் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார் என்று சொல்லும்போது உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் உன்னிடம் மேப்பைப் பற்றிப் பேசுகிறேன். அதனால் அன்றைக்கு மேலே எதுவும் கேட்கவில்லை.

அத்தையிடம் சொல்லியாயிற்று. நான் பயந்தபடி ஆர்ப்பாட்டம் எதுவும் செய்யவில்லை, அதுதான் பயமாக இருந்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை மேஜையில் கொஞ்சம் சத்தமாக வைத்தார், அவ்வளவுதான். மூன்றாம் நாள், "அந்த மேப்பை எடுத்துட்டு வாங்க" என்றார். கூடத்தில் விரித்தேன். நம் வீட்டைக் காட்டினேன், பாலத்தைக் காட்டினேன், மையம் வரும் இடத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓரம் ஓரமாகத் தேடினார். "எம் பொண்ணு இருக்கிற ஊர் எங்க?" என்றார். அது இந்த மேப்பில் வராது அத்தை, ரொம்பத் தூரம் என்றேன். கண்ணாடியைக் கழற்றி மடித்தார். பிறகு, "அக்கரைக்குப் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். பஸ் இல்லை, கேட்டு வாங்கலாம் என்றேன். "அப்ப அதை முதல்ல பாருங்க" என்று எழுந்து போய்விட்டார்.

நேற்று இடத்தை அளந்து கல் நடப் போனோம். மூன்று சாலையும் கூடுகிற இடத்தில் நல்ல மேடு, வெள்ளம் வந்தாலும் ஏறாது. பின்பக்கம் ஊழியர் குடியிருப்பு வரப்போகிறது. இரண்டு அறை, ஒரு சின்ன சமையலறை, ஆற்றைப் பார்த்த ஜன்னல். அளவு நாடாவை நானே பிடித்துக்கொண்டேன். உன் பீரோவை எந்தச் சுவரில் வைக்கலாம் என்று மனசுக்குள் வைத்துப் பார்த்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். நர்ஸாக வருபவர் அங்கேயே தங்க வேண்டும் என்பது விதி. நான் அங்கிருந்து தினமும் அலுவலகத்துக்குப் போய் வருவேன், அது ஒரு பெரிய விஷயமே இல்லை. இதுவரை அந்த வேலைக்கு ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை என்று அதிகாரி சொன்னார்.

ஊரே கூடிவிட்டது. எல்லோரும் கல்லைத் தொட்டுப் பார்த்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றாள். பிறகு என்னிடம் வந்து, "கட்டடம் கட்டுவீங்க சார், அது தெரியும். வர்ற நர்சம்மா இங்க தங்குவாங்களா? இல்ல, ஒரு மாசத்துல மாத்தல் வாங்கிட்டுப் போயிடுவாங்களா?" என்று கேட்டாள். சர்வேயரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். எதைக் கேட்டாலும் மேப்பை விரித்து மணிக்கணக்கில் பேசுகிறவன், அளவு நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தேன். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அதனால் கேட்கிறேன். அவளுக்காக மட்டும் கேட்கிறேன் என்றால் நீ நம்ப மாட்டாய், நம்பாதே. அங்கே பெரிய டாக்டர் இல்லை, அறுவை அரங்கு இல்லை, ஆரம்பத்தில் மின்சாரம்கூட ஒழுங்காக இருக்காது. ஆனால் நடு ராத்திரியில் ஒருத்திக்குப் பிரசவ வலி எடுத்தால் அவளுக்கு நீதான் எல்லாம். விண்ணப்பத்துக்கு இந்த மாதம் முடியும்வரை நேரம் இருக்கிறது. போடாவிட்டால் கோபப்பட மாட்டேன் என்று எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். கோபம் வரும். இரண்டு நாள் உன் அம்மாவைப்போல நானும் பேசாமல் இருப்பேன். பிறகு நானே போன் செய்வேன், மருந்து போட்டாயா, சாப்பிட்டாயா என்று கேட்பேன். நீ எங்கே இருந்தாலும் உன் கைபட்டவர்கள் எழுந்து நடக்க வேண்டும், நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை மறுபடியும் அங்கே போகிறேன். அந்தப் பெண் கட்டாயம் வந்து நிற்பாள். அவளுக்கு என்ன சொல்லட்டும்?

உன்னவன்