மிரியமுக்கு ஒரு நாள்

அன்பின் ஹானா அன்ரி,

அன்ரி என்றால் உங்களுக்குப் பொல்லாத கோபம் வரும். "என் ஒரே தங்கைக்குப் பதினொரு வயது. நான் எப்படி உனக்கு அன்ரி ஆனேன்?" என்பீர்கள். இந்தக் கடிதத்துக்கு மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த புதிதில், ஒரு மே மாதம், உங்கள் மருந்தை வாங்கிக்கொண்டு வந்தேன். நீங்கள் கதிரையில் உறங்க, சமையலறையில் மெழுகுதிரி எரிந்தது. தீப்பிடித்துவிடுமே என்று ஊதி அணைத்துவிட்டேன். எழும்பியதும் என்ன பேச்சுப் பேசினீர்கள்! இறந்தவருக்காக ஒரு பகலும் ஓர் இரவும் தானாக எரிந்து முடிய வேண்டிய திரியாம் அது. பிறகு நீங்களே அழுதீர்கள். எனக்கு எங்காவது ஓடி ஒளியலாம் போலிருந்தது.

அன்றுதான் போலந்தில் இருந்த உங்கள் ஆற்றங்கரைச் சிற்றூரைப் பற்றிச் சொன்னீர்கள். நாஜிகள் அங்கிருந்த யூதர்களைக் காட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்ட நாள் உங்களுக்குத் தெரியும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அந்த நாள். தங்கை மிரியமை அதற்கு முன்பே வேறொரு வண்டியில் ஏற்றியிருந்தார்கள். எங்கே, எப்போது என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. அப்படி இறந்த நாள் தெரியாதவர்களுக்கு ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பது உங்கள் யூத வழக்கம். மிரியமுக்கு நீங்கள் போர் முடிந்த அந்த மே நாளை எடுத்தீர்கள். "வருஷம் முழுக்க அழ முடியாது. ஒரு நாள் அழுதால் மற்ற நாட்களில் சமைக்கலாம்" என்றீர்கள்.

ரொறன்ரோவில் ஒரு காலம் மண்டபம் நிறையக் கூடிய உங்கள் ஊர்ச்சங்கத்தில் கடைசியாக நீங்கள் மட்டும் இருந்தீர்கள். "இனி அவளுடைய நாளை யார் நினைப்பார்?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டீர்கள். நான் உங்கள் போர்வையைச் சரிசெய்தேன். நான் நினைப்பேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம்.

இலங்கையில் எங்கள் போரும் ஒரு மே மாதத்தில்தான் முடிந்தது. கடைசி நாட்களில் காணாமல்போன என் அண்ணனுக்கு இன்னும் திவசம் இல்லை. உங்களைப் போல நாமும் ஒரு நாள் குறிப்போம் என்று ரொறன்ரோவுக்கு அருகே அஜக்ஸில் இருக்கும் அண்ணியிடம் எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். "உமக்கு வேணுமெண்டால் நீர் குறியும். நான் பொட்டு அழிக்கமாட்டன்" என்று போனை வைத்துவிடுவார்.

நீங்கள் இல்லாத முதல் மே இது. மிரியமுக்குத் திரி ஏற்றப் போகிறேன் என்று அண்ணியிடம் சொன்னேன். கூப்பிடாமலே ரெயின் ஏறி வந்துவிட்டார்.

"உந்தப் பிள்ளைக்கு எத்தினை வயசு?"

"பதினொண்டு, அண்ணி."

அவரே ஏற்றினார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் கண்டதில்லை. அன்று முகம் தெரியாத உங்கள் தங்கைக்காக வாய்விட்டு அழுதார். அண்ணனுக்கும் ஒன்று ஏற்றுவோமா என்று மெல்லக் கேட்டேன்.

"வேண்டாம். அவர் வருவார்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனால் அடுத்த வருசமும் உந்தப் பிள்ளைக்கு நான் வாறன்."

இனி அண்ணனைப் பற்றி அவரை நச்சரிக்க மாட்டேன், அன்ரி. ஆனால் மிரியமின் நாளைத் தவறவிட மாட்டோம். அவளுக்கு இரண்டு பேர் இருக்கிறோம்.

உங்கள் பெறாமகள்,
சாந்தி