கேட்டில் கொடுக்காத டிக்கெட்

மார்ச் 3, செவ்வாய்

புருஷனுக்குப் பரிந்து பேச வேண்டியதுதான், அதுக்காக ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பழைய ரயில் பாஸைத் தூக்கிக்கொண்டு வருவாளா ஒருத்தி? நீயே சொல்லு சாமி. இந்த நோட்டில் உன்னிடம் மட்டும்தான் மனசு விட்டுப் பேசுகிறேன். நீயும் படத்துக்குள்ளேயே இருந்துகொண்டு இதுவரை எதிர்த்துப் பேசியதில்லை.

தம்பி பெண்டாட்டி வந்திருந்தாள். இருபத்திரண்டு வருஷம் கழித்து. நான் உன் பேரைச் சொல்லிக்கொண்டு உட்காரும் நேரமாகப் பார்த்து வந்தாள், அப்போது வாயைத் திறக்க மாட்டேன் என்று தெரியும்.

"அண்ணி, அவருக்கு அடுத்த புதன்கிழமை நெஞ்சுல ஆபரேஷன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அக்காவைப் பாக்கணுங்கறார்."

பாக்கணுமாமே! அப்பா செத்த அன்னிக்கு எங்கே போச்சு இந்த ஆசை?

டப்பாவில் அவன் வேலைக்குப் போன காலத்து மாசப் பாஸ், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக் கட்டாக. பழைய பேப்பர்காரன்கூடத் தொடமாட்டான். அடியில் பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றி ஒரே ஒரு அட்டை டிக்கெட். அவன் ஊரிலிருந்து நம் ஊருக்கு. தேதி, அப்பா செத்த தேதி.

"அன்னிக்கு வந்தாரு அண்ணி. நாலு மணி வண்டியில. இதோ பாருங்க."

"வச்சிட்டுப் போ" என்றேன்.

மார்ச் 4, புதன்

அவள் சொல்லும் கதை இதுதான். நாலு மணி வண்டியில் இறங்கி ஓடி வந்தானாம். சித்தப்பா தெருமுனையிலேயே மறித்து, "தூக்கியாச்சு, இனி எதுக்குடா வந்தே? போ" என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். சித்தப்பா போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. செத்தவரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது எவ்வளவு சௌகரியம், பார்!

இதை அப்போதே சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டேன். "சொல்லத்தான் வந்தாரு. நீங்க கதவைச் சாத்திட்டீங்க" என்கிறாள். சாத்தினேன். பிறகு என்ன, தோரணம் கட்டி வரவேற்பேனா?

மார்ச் 6, வெள்ளி

பிடித்துவிட்டேன் சாமி!

பதினோரு வருஷம் அதே லோக்கல் வண்டியில் பட்டன் தைக்கிற கம்பெனிக்குப் போய்வந்தவள் நான். என்னிடமா ரயில் கதை? பெண்கள் பெட்டியில் ஒரு காலில்தான் நிற்க முடியும், இன்னொரு கால் யாருடையது என்று இறங்கும்போதுதான் தெரியும். ஜன்னலோர சீட்டுக்காக ஒருத்தி தினமும் மயக்கம் போட்டு விழுவாள். அதுவும் சீட்டுப் பக்கமாகப் பார்த்து. கம்பெனியில் வேலை இருக்கிற நாள் மட்டும்தான் கூப்பிடுவார்கள், அதனால் பாஸ் எடுக்கவில்லை. தினமும் அட்டை டிக்கெட்தான். அத்தனை டிக்கெட்டில் இன்றைக்கு ஒன்றாவது என்னிடம் இருக்கிறதா? இல்லை. ஏன்?

இறங்கினால் கேட்டில் மீசைக்காரர். நம் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களிடம் டிக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவர் ஒருத்தர்தான், வெளியே போக வழியும் அது ஒன்றுதான். மத்தியானச் சோற்றை ஸ்டேஷன் வாசலில் அப்பா நடத்திய சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார், ஆனால் அந்தப் பழக்கமெல்லாம் கேட்டில் செல்லாது. "அட்டையைக் குடு, அப்புறம் சிரி" என்பார் என்னிடமே. டிக்கெட்டைத் தொலைத்துவிட்டு வந்த சொந்த மாமியாரை பெஞ்சில் உட்கார வைத்த மனுஷர்!

அப்படியென்றால் இந்த டிக்கெட் எப்படி இவன் கையில் தங்கியது? கேட்டைத் தாண்டினால்தானே கொடுப்பான்! வாங்கியிருக்கிறான், வழியில் எங்கேயோ இறங்கித் திரும்பியிருக்கிறான். அவன் டிக்கெட்டே அவனைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

போன் போட்டு அவளிடம் சொன்னேன். "எனக்கு அதெல்லாம் தெரியாது அண்ணி" என்று அழுதாள். அழட்டும்.

மார்ச் 7, சனி

ஜெயித்தவளுக்குச் சோறு இறங்க வேண்டாமா? இறங்கவில்லை. வெயில்தான் காரணம்.

மார்ச் 8, ஞாயிறு

வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓட்டை போட்டிருக்கே."

"அங்கே ஏறும்போது போட்டது. இங்கே இறங்கினதுக்கு என்ன அத்தாட்சி?"

"உன்னை ரயில்வேயில சேர்த்திருக்கணும். ஒருத்தன் தப்பிச்சிருக்க மாட்டான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் டிக்கெட்டை மறுபடி காகிதத்தில் சுற்றினார். "வராதவன் எதுக்கு இதை இருபத்திரண்டு வருஷம் பத்திரமா வச்சிருந்தான்?"

"நீங்ககூடத்தான் அறுந்துபோன செருப்பைப் பரண்மேல வச்சிருக்கீங்க."

"அதையும் தைச்சுப் போட்டுக்கலாம்னுதான்."

இந்த மனுஷர் வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுவார். அதையும் இப்படித்தான் பேசுவார்.

மார்ச் 10, செவ்வாய்

ஆறரை மணி. பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டை மடியில் வைத்து எழுதுகிறேன்.

பாசம் கீசம் என்று நினைத்துவிடாதே. டிக்கெட்டை அவன் கட்டிலில் எறிந்து, "இதுக்கு என்னடா பதில்?" என்று முகத்துக்கு நேராகக் கேட்கத்தான் போகிறேன். கேட்காமல் விட்டால், நாளைக்கு அந்த டாக்டர் ஏதாவது தப்புப் பண்ணிவைத்தால், அப்புறம் யாரைக் கேட்பது? பையில் போர்வையும் வெந்நீர் பிளாஸ்க்கும் இருக்கிறது. ஆஸ்பத்திரிப் போர்வையை நம்ப முடியாது, அதனால்தான்.

இந்த ஸ்டேஷனும் கெட்டுக் குட்டிச்சுவராகிவிட்டது. இப்போது ஒரு வண்டி வந்து போனது. நூறு பேர் இறங்கினார்கள், கேட்டில் கை நீட்ட ஒரு ஆள் கிடையாது. அவனவன் டிக்கெட்டைச் சுருட்டிச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு போகிறான். மீசைக்காரர் இருந்தால் விட்டிருப்பாரா? காய்ச்சலோடு வந்து நின்றவர். பெண் கல்யாணத்தன்றைக்கே சாயங்கால வண்டிக்கு வந்து நின்றவர். எனக்குத் தெரிந்து அந்த மனுஷர் கேட்டை விட்டு நகர்ந்தது ஒரே ஒரு நாள்—

சாமி.

அன்றைக்கு நாலு மணிக்கு மீசைக்காரர் கேட்டில் இல்லை. யூனிபாரம்கூடக் கழற்றாமல் வந்து, அப்பாவின் பாடையில் தலைமாட்டுப் பக்கத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.