ஏழு புள்ளி ஒன்று

நவம்பர் 4, செவ்வாய்

இன்று மூன்று தடவை.

இதைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறாள் விசாகப்பட்டினம் ஆஸ்பத்திரி நர்ஸ். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கக்கூஸுக்குப் போகிறேன் என்ற எண் மட்டும். மலக்குடலில் புற்று என்று ஒரு சாண் அறுத்தெடுத்து, ஆறு மாதம் மலம் இறங்க வயிற்றில் பை கட்டிவிட்டு, பிறகு அதையும் எடுத்துத் தைத்தார்கள். அது முடிந்தே ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அஞ்சாம் வகுப்பில் முதலாவதாக வந்தவளை எண் மட்டும் எழுதச் சொல்கிறாள், பல்லிக் குரல்காரி. மற்றதையும் எழுதுவேன். என் நோட்டு.

பக்கத்து வீட்டு எர்ரம்மா வந்தாள். நலம் விசாரிக்கவாம். கண் என் புடவை மடிப்பிலேயே இருந்தது.

"பை இன்னும் இருக்கா அண்ணி?"

"இருக்கு. உன் தலையில மாட்டத்தான் பத்திரமா வச்சிருக்கேன்."

போய்விட்டாள்.

நவம்பர் 6

இன்றும் மூன்றுதான், மூன்றும் காலை ஆறு மணிக்குள். பகல் முழுக்கச் சந்தையில் உட்கார்ந்து கருவாடு விற்றேன். மாத்திரையால் என்று மருமகள் பைடிதல்லி நினைக்கிறாள். மாத்திரை கிழித்தது!

காரணம் சுருட்டு. எழுந்ததும் கடற்கரையில் ஒன்று. நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துத்தான் எங்கள் கரைப் பெண்கள் பிடிப்போம், என் அம்மா பிடித்ததும் அப்படித்தான். முடிவதற்குள் வயிறு மொத்தமும் இறங்கிவிடும். ஆபரேஷனோடு விட்டிருந்தேன். பை எடுத்த பிறகு ஒன்பது தடவை, பத்துத் தடவை ஓடிக்கொண்டு சந்தையில் எப்படி உட்காருவது? தசராவுக்குப் பிறகு மறுபடி எடுத்தேன்.

டாக்டர் முதல் நாளே கேட்டார், சிகரெட் பீடி உண்டா என்று. இல்லை என்றேன். பொய்யா? சுருட்டைக் கேட்கவில்லையே. அவ்வளவு படித்தவருக்குக் கேட்கத் தெரியவில்லை.

நவம்பர் 11

புற்று திரும்பியிருக்கிறதா என்று பார்க்க மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுக்கும் ரத்தம் கொடுத்தாயிற்று. பல்லி இரண்டு தடவை குத்தினாள்.

நவம்பர் 18

ஏழு புள்ளி ஒன்று.

ரத்தத்தில் புற்றுக்குப் பார்க்கும் எண். போன தடவை இரண்டு புள்ளி மூன்று. ஐந்துக்குள் இருக்க வேண்டுமாம்.

"திரும்பி வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம்" என்றார் டாக்டர். "ஸ்கேன் எடுக்கணும், குழாய் விட்டுப் பாக்கணும். அடுத்த மாசம் மறுபடி ரத்தம்."

"வந்திருந்தா?"

"அந்த இடத்தை மொத்தமா எடுக்க வேண்டி வரலாம். அப்புறம் பை நிரந்தரம்."

பை. மறுபடியுமா? அந்த நாற்றம், அந்தச் சத்தம் — கோயிலில் நிற்கும்போது வயிறு பேசும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். மாட்டேன். செத்தாலும் மாட்டேன்.

பேருந்தில் பைடிதல்லி முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதாள். "செத்தாளா உன் மாமியா? நிறுத்து" என்றேன். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஜன்னலில் ஒன்றும் இல்லை.

நவம்பர் 19

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று. மருந்து வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கிழவன் நின்றான். அவனிடம் பல்லி சொன்னது காதில் விழுந்தது: "பீடியை விடலையா தாத்தா? அதாலயும் இந்த நம்பர் ஏறும். சொன்னாத்தானே எங்களுக்குத் தெரியும்?"

எனக்குப் பின்னால் நின்ற பைடிதல்லி அந்தக் கிழவன் மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டாள்: "எங்க அத்தை சுருட்டை விட்டு ரெண்டு வருஷம் ஆகப்போகுது. அந்த வைராக்கியம் யாருக்கு வரும்!"

எப்படிச் சொல்வது இனி?

காலையில் சுருட்டைக் கட்டோடு கடலில் எறிந்தேன். அலை திருப்பிக் கொண்டுவந்து காலடியில் போட்டது. கடலுக்குக்கூட நான் இளக்காரம். குழி தோண்டிப் புதைத்தேன். எண் தானாக இறங்கும், யாருக்கும் தெரிய வேண்டாம். கெட்டிக்காரி நான்.

நவம்பர் 22

பத்து. சந்தைக்குப் போகவில்லை.

நவம்பர் 27

ஒன்பது. எர்ரம்மா அதிரசம் கொண்டுவந்தாள். "ஆசைப்பட்டதைச் சாப்பிடுங்க அண்ணி" என்று மூக்கை உறிஞ்சினாள். பாடை கட்டத்தான் மூங்கில் கொண்டுவரவில்லை. அதிரசம் வேகவும் இல்லை.

நவம்பர் 30

பைடிதல்லி சிம்மாசலம் சாமிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். ஸ்கேனில் ஒன்றும் இல்லையென்றால் மொட்டை போடுகிறாளாம். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. அதைப் பார்த்துத்தான் என் மகனுக்குப் பெண் எடுத்தேன். நான் பக்கத்தில் இருக்கும்போதே மஞ்சள் துணி முடிந்து வைத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

என் வாயில் வைத்த நெருப்புக்கு அவள் முடியா? தூ. கெட்டிக்காரியாம்.

டிசம்பர் 2

ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றும் சொல்ல வாய் வரவில்லை. நோட்டைப் பல்லியிடம் நீட்டி, நவம்பர் ஆறாம் தேதியைப் படி என்றேன். அவள் முதல் பக்கத்திலிருந்து படித்தாள். அது எனக்குத் தோன்றவே இல்லை.

"என் குரல் பல்லி மாதிரியா பாட்டி?"

"இன்னைக்குக் கொஞ்சம் பரவாயில்லை."

டாக்டரிடம் நோட்டு போனது.

"ஏன் பாட்டி சொல்லலை?"

"நீங்க சுருட்டைக் கேக்கலை."

"இப்ப கேக்கறேன்."

"ஒரு நாளைக்கு ஒண்ணு. சில நாள் ரெண்டு."

பைடிதல்லியின் பக்கம் நான் பார்க்கவில்லை.

"அதாலயும் ஏறியிருக்கலாம்" என்றார். "அதாலதான்னு நம்பி நான் சும்மா உட்கார முடியாது. எல்லாச் சோதனையும் நடக்கும். வயித்துக்கு வேற வழி இருக்கு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

பேருந்தில் பைடிதல்லி ஒரே ஒரு தடவை பேசினாள். "நான் துணி முடியறப்போ பக்கத்துலதானே இருந்தீங்க அத்தை?"



டிசம்பர் 8

நாளை குழாய். குடல் கழுவ மருந்துத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். எத்தனை தடவை என்று எண்ண முடியவில்லை. எழுதவும் இல்லை.

டிசம்பர் 23

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. குழாயிலும் இல்லை. ரத்தம் மூன்று புள்ளி நான்கு.

"இன்னும் இறங்கணும். மார்ச்சில் வாங்க" என்றார் டாக்டர். பல்லி புது நோட்டு கொடுத்தாள். அவளே கோடு போட்டிருக்கிறாள்: எத்தனை தடவை, எத்தனை சுருட்டு. கோடு கோணல்.

டிசம்பர் 27

சிம்மாசலம். நாவிதர் முன்னால் பைடிதல்லி உட்காரும் முன் நான் போய் உட்கார்ந்தேன்.

"வேண்டினது நான் அத்தை!"

"சுருட்டு பிடிச்சது நான். நீ தள்ளு."

சாமிக்கு அவள் மூன்று தடவை கத்தரித்த நுனி முடி மட்டும் கொடுத்தாள். என்னுடையது முழுக்கப் போனது. திரும்பும்போது பைடிதல்லி என் தலையில் சந்தனம் பூசிவிட்டாள். வேண்டியதைவிட அழுத்தித்தான் பூசினாள்.

டிசம்பர் 30, செவ்வாய்

எட்டுத் தடவை. சுருட்டு இல்லை.

சந்தைக்குப் போனேன். கக்கூஸுக்குப் பக்கத்துக் கடை மூலையைப் பைடிதல்லி எனக்குப் பிடித்து வைத்திருந்தாள். எர்ரம்மா என் மொட்டைத் தலையைப் பார்த்ததும் மார்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ அண்ணி, யாருக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆகலை. அதுக்குத்தான்."