கார்ப்பெட்டை உரித்த வீடு

அண்ணா, இது அம்மா உனக்கு எழுதும் கடிதம். இரண்டு நாளாகத் தரையைத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் தோலுரிந்து கிடப்பதால் அவளால் பேனா பிடிக்க முடியவில்லை, அவள் சொல்லச் சொல்ல உன் தங்கை நான் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதுவதென்று உறுதி எடுத்திருக்கிறேன். அம்மாவின் பேச்சை எழுத்து நடைக்கு மாற்றிக்கொள்கிறேன், திட்டுகளை மட்டும் மாற்றவில்லை, மாற்றினால் காரம் போய்விடுகிறது. நான் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் அடைப்புக்குறிக்குள் வரும். இனி அம்மா பேசுகிறாள்.

என் பெரியவனுக்கு அம்மாவின் அன்பு. நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன், அப்படி இல்லையென்றால் உன்னை வேறு விதமாக விசாரித்துக்கொள்கிறேன். நான் எப்படி இருக்கிறேன் என்று மட்டும் கேட்காதே. முட்டி இரண்டும் வீங்கி, முதுகு வில்லாக வளைந்து, மூக்குக்குள் சிமெண்ட் வாசனை குடியேறி உட்கார்ந்திருக்கிறேன். அப்பா பரவாயில்லை. இடுப்பில் போட்ட தையல் ஆறிவிட்டது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு கோடிக்கும் மறுகோடிக்கும் நடக்கிறார், நர்ஸ் பின்னாலேயே வந்தால் "நீ போம்மா, நான் என்ன குழந்தையா" என்று விரட்டுகிறாராம். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. கொண்டுபோகிற டப்பா பாதி அப்படியே திரும்பி வருகிறது. வீட்டுக்கு வந்தால்தான் அந்த மனுஷன் ஒழுங்காகச் சாப்பிடுவார் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், அங்கே நடக்கப் பழக்குகிற அந்தப் பெண்ணுக்கு மட்டும் தெரியவில்லை. அவள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள், "கார்ப்பெட் இருக்கிற வீட்டுக்கு நான் இவரை அனுப்ப மாட்டேன், வாக்கர் சக்கரம் அதுல புதையும், ஓரம் தடுக்கும், இன்னொரு தரம் விழுந்தா இந்த இடுப்பு தாங்காது" என்று. அவர் விழுந்ததே படுக்கையறை வாசலில் பிரிந்து கிடந்த கார்ப்பெட் ஓரம் தடுக்கித்தானே, அவளை எதிர்த்துப் பேச எனக்கு வாய் ஏது. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் தரை தயாரானால் வீடு, இல்லையென்றால் இன்னும் ஒரு மாதம் அங்கேயே. அப்பாவோ தெருவாசலிலிருந்து கட்டில் வரைக்கும் தானே நடந்து வருவாராம், யாரும் தாங்கக் கூடாதாம், இப்போதே எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறார்.

போன வியாழக்கிழமை உன் மாமா வந்து கார்ப்பெட்டை உரித்தார். உரித்தார் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன், அது வந்த பாட்டைப் பார்த்திருந்தால் நீ அழுதிருப்பாய். நீ முதல் வகுப்பு படித்தபோது போட்டது, அத்தனை வருஷத்துத் தூசியும் அடியில் மாவு மாதிரி சேர்ந்திருந்தது. நான் வாரம் இரண்டு முறை மெஷின் வைத்து உறிஞ்சினேனே, அதெல்லாம் எங்கே போயிற்று என்று நின்றுவிட்டேன். மாமா வேறு, "அக்கா, நீ சுத்தக்காரின்னு ஊரெல்லாம் பேரு, உன் கார்ப்பெட் உன்னைக் காட்டிக் குடுத்திருச்சு" என்று சிரிக்கிறார். சுவரோரம் முழுக்க ஆணி பதித்த மரப்பட்டை, அதைப் பெயர்த்த இடமெல்லாம் குழி. கார்ப்பெட்டுக்கு அடியிலிருந்த பஞ்சு மெத்தை பசையோடு பசையாகத் தரையில் ஒட்டி, கரண்டியால் சுரண்டினால் மிட்டாய் மாதிரி இழுக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில், விரிசலும் தழும்புமாக ஒரு தரை. இதையா இத்தனை வருஷம் மூடி வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தினோம் என்று இருந்தது.

அப்போதுதான் நீ போனில் அனுப்பினாயே ஒரு படம், தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி மினுங்கும் சிமெண்ட் தரை, சாயம் ஏற்றினால் போதும் அம்மா, டைல்ஸ் வேண்டாம், நாலு நாளில் முடிந்துவிடும் என்று. தரைக்காரரையும் நீயே பிடித்துக் கொடுத்தாய். வந்தார், குந்தி உட்கார்ந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார், ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டு அது உறிஞ்சுகிறதா என்று பார்த்தார். நான் படத்தைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்றேன். "அது அவங்க வீட்டுத் தரைம்மா. இது பெயிண்ட் இல்ல, மேல பூசிட்டுப் போறதுக்கு. ஆசிட் கலந்த சாயம், சிமெண்டுக்குள்ள போய் அது கூடச் சேர்ந்துதான் நிறம் வரும். உங்க தரை என்ன நிறம் குடுக்கும்னு உங்க தரைதான் சொல்லணும்" என்றார். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் அப்பா பேச்சுக் கேட்பதில்லை, நீ கேட்பதில்லை, சின்னவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்குவதில்லை, இனி தரையிடமும் நான் கெஞ்ச வேண்டுமா. இருந்தாலும் பொறுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாயம் ஏற்றினார். நுரைத்துக்கொண்டு சீறியது, வாசனை மூக்கைத் துளைத்தது. ஜன்னலை மூடாதீர்கள், காலை வரைக்கும் ஒருத்தரும் மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அப்பாவோடு ஆஸ்பத்திரியில் தங்கினேன், சின்னவள் எதிர்வீட்டில் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் தரைக்காரரும் நானும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்றோம். கதவைத் திறந்தால், பெரியவனே, என்ன சொல்வேன். நிறம் நன்றாகத்தான் வந்திருந்தது, பழுப்பும் செம்மையுமாக. ஆனால் வாசலோர ஜன்னலிலிருந்து முன் அறையின் நடு வரைக்கும் வெளிறிய கட்டம் கட்டமாக, சுற்றிலும் கறுப்புக் கோடு போட்டு, யாரோ அளவெடுத்து வரைந்த மாதிரி. எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. "இதான் உங்க தொழிலா, பள்ளிக்கூடப் பிள்ளை கலர் அடிச்சா இதைவிட நல்லா அடிக்கும், தரை சொல்லும் தரை சொல்லும்னீங்களே, இப்ப என்ன சொல்லுது, தொழில் தெரியாதவன் கையில மாட்டினேன்னு சொல்லுது" என்று வாசலில் நின்றே கத்தினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "யாரோ எதையோ மேல விரிச்சிருக்காங்கம்மா" என்றார். என் வீட்டில் யார் விரிப்பார்கள், பூட்டின வீடு. நான் அடித்துச் சொன்னேன். அவர் நெஞ்சில் கை வைத்து, "இருபது வருஷமா இந்த வேலை பாக்கறேன், இது என் கை இல்ல" என்றார். நான் விடவில்லை. கடைசியில் தரையை மூன்று முறை கழுவித் துடைத்துவிட்டு, "மேல்பூச்சுக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க" என்று பிரஷை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாயத்தைப் பிடித்து நிறுத்துகிற அந்த மேல்பூச்சு இல்லாத தரையில் கையை வைத்தால் பொடி பொடியாக ஒட்டுகிறது, அதில் வாக்கரை உருட்ட முடியுமா. இன்று புதன். நேற்றிலிருந்து நானே அந்தக் கட்டங்களைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், அவை மங்கவில்லை, என் விரல்தான் மங்குகிறது. அதனால் நீ ஒன்று செய். இதைப் படித்த உடனே அவருக்குப் போன் போட்டு நறுக்கென்று நாலு வார்த்தை கேள். நீ கொண்டுவந்த ஆள்தானே.

(அண்ணா, இங்கே நான் எழுதித்தான் ஆக வேண்டும். விரித்தது நான். பக்கத்து வீட்டில் சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள், திறந்த ஜன்னல் வழியாகத் தூசி வந்து ஈரத் தரையில் படிந்தது. அப்பா வரும் தரை பாழாகிறதே என்று பயந்து, எதிர்வீட்டிலிருந்து சாவியோடு ஓடிவந்து, வாசற்படியில் நின்றபடி பழைய செய்தித்தாள்களை ஒவ்வொன்றாகத் துடைப்பக் கட்டையால் தள்ளித் தள்ளி விரித்தேன். ஒரு அடிகூட மிதிக்கவில்லை, மிதிக்கக் கூடாது என்றுதானே தரைக்காரர் சொன்னார் என்று நினைத்தேன். விடிந்ததும் எடுக்கப் போனால் தாள் ஒட்டிப் பிய்ந்து வந்தது, அடியில் இந்தக் கட்டங்கள். தாள்களைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன். அம்மா அவரைத் திட்டும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன்.)

(இதை எழுதி முடிப்பதற்குள் அம்மா, இவ்வளவு நேரம் என்னத்தடி எழுதற, எழுதினவரைக்கும் படி என்றாள். முதலிலிருந்து படித்தேன். அடைப்புக்குறி வந்ததும் நிறுத்தவில்லை, அதையும் படித்தேன். தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. எத்தனை தாள் என்றாள். பன்னிரண்டு என்றேன். "எண்ணி வேற வச்சிருக்கா" என்றாள். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "அந்த மனுஷன் நெஞ்சுல கை வச்சுச் சொன்னாரேடி" என்றாள். பிறகு போனை எடுத்து அவர் நம்பரைப் போடு என்றாள்.)

பெரியவனே, மேலே கேட்டதை விட்டுவிடு. நீ யாரையும் நாலு வார்த்தை கேட்க வேண்டாம், வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியவர்கள் இரண்டு பேரும் இந்த வீட்டிலேயே இருக்கிறோம். அவரைப் போனில் கூப்பிட்டு, அன்றைக்கு நான் கொஞ்சம் கத்திட்டேங்க என்றேன். "கொஞ்சமாம்மா?" என்றார் அவர். நிறையத்தான் என்று ஒத்துக்கொண்டேன். பிள்ளை செய்த காரியத்தைச் சொன்னேன், அப்பா வரும் நாளையும் சொன்னேன். "முதல்ல தேய்க்கிறதை நிறுத்துங்க, இன்னும் கெடுக்காதீங்க, வரேன்" என்றார். தேய்க்கிறேன் என்று நான் சொல்லவே இல்லை, எப்படித்தான் தெரிந்ததோ.

வந்து பார்த்தார். சின்னவள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவளை வெளியே கூப்பிட்டு, "தூசி விழுந்தா நான் கழுவிக்குவேன் பாப்பா, காகிதம் விழுந்தா காகிதம் அங்கேயே குடியிருக்கும்" என்றார், அவ்வளவுதான். கட்டங்கள் முழுசாகப் போகாதாம். இன்றைக்கே இன்னும் ஒரு கை, கொஞ்சம் அழுத்தமான காப்பி நிறத்தில் ஏற்றினால் உற்றுப் பார்ப்பவர்களுக்கு மட்டும் தெரியுமாம். நாளைக்குக் கழுவி உலரவிட்டு, வெள்ளிக்கிழமை மேல்பூச்சு. பூச்சில் நைசான மணல் மாதிரி ஒரு பொடி கலப்பாராம், வாக்கரும் வழுக்காது, ஈரக் காலும் வழுக்காது, இதற்குத் தனியாகக் கேட்க வேண்டாம் என்று அவரே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் நடக்கலாம். அதுவரை நானோ இவளோ இந்த வாசலை மிதிக்கக் கூடாது, ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கவும் கூடாது என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் இனி கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை. தேன் நிறம் போயிற்று, அந்த வருத்தம் மட்டும் தீரவில்லை.

நீ நன்றாக இரு, நோய் நொடி உன் பக்கமே வராமல் இருக்கட்டும், எடுத்த வேலை கை கூடட்டும், வெளியே போனால் பொறுமையாகப் பேசு, என்னைப் போலப் பேசாதே. உன் அறையில் மிதியடி கிடந்தால் ஓரம் பிரிந்திருக்கிறதா என்று இன்றைக்கே பார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மறக்காமல் போன் செய், அப்பா நடந்து வருவதை இவள் போனில் காட்டுவாள், நீ உற்சாகமாக இரு, அழுது வைக்காதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா

(கையெழுத்தை அம்மா விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு தானே போட்டாள். எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தரைக்காரர் கடைசி மூலையிலிருந்து வாசல் வரைக்கும் சாயம் ஏற்றிக்கொண்டே பின்னால் நகர்ந்து வந்து, படிக்கு இறங்கிவிட்டார். சொந்தத் தம்பியான மாமாவிடம்கூடக் கொடுக்காத வீட்டுச் சாவியை அம்மா அவரிடம் நீட்டினாள், "ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இது உங்க வீடு" என்றாள். அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாசல் ஓரத்து ஸ்விட்சுகளுக்குக் கை நீட்டினார். அப்பாவின் அறை, நடை, முன் அறை என்று ஒவ்வொன்றாக விளக்குகள் அணைக்கப்பட்டன.)