ஹெட்போன் வாங்கப் போன இடத்தில்

நகோயா
ஜூலை மாதக் கடைசி

அன்புள்ள மிசுஹோவுக்கு, அப்பா எழுதுவது. அங்கே ஹெல்சிங்கியில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே மழை விட்டுவிட்டது, சில்வண்டுகள் விடிந்ததிலிருந்து கத்துகின்றன. அம்மா சுகமாக இருக்கிறாள். நானும் சுகம் என்று எழுத வந்தேன், பேனா நின்றுவிட்டது, அதனால் நடந்ததை முதலிலிருந்தே எழுதிவிடுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. பயமெல்லாம் நானே பட்டு முடித்துவிட்டேன், உனக்கு மிச்சமில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் அது உண்மையில்லை.

இந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்ததிலிருந்து என் பெரிய ஸ்பீக்கர்களுக்கு வாய்ப்பூட்டுதான். வசந்தத்தில் ஒரு நாள் கீழ்வீட்டு ஒதாகிரி அம்மாள் ஒரு பெட்டி மஞ்சு பலகாரத்தோடு வாசலில் வந்து நின்றாள். "உங்க வீட்டுப் பியானோ ரொம்ப அருமையா இருக்குங்க, நேத்து எங்க வீட்டுக்காரர் முழுசா கேட்டார், நைட் ஷிப்ட் முடிச்சு வந்து படுத்தவர் ஒரு கண்ணு மூடலையே" என்று சிரித்த முகம் மாறாமல் சொல்லிவிட்டுப் போனாள். உன் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பலகாரம் இனிப்பாத்தான் இருக்கு, சொன்ன சொல்லுதான் தொண்டையில நிக்குது" என்றாள். அதன் பிறகு ஒலியைக் குறைத்துக்கொண்டே போய்க் கடைசியில் ட்ரம்காரன் பருத்தித் துணியில் அடிப்பதுபோல ஆகிவிட்டது, இதற்கு நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, நல்ல மழை, இரண்டு பேரும் ஓசு கடைத்தெருவுக்குப் போனோம். அன்று காலையில் குளித்ததிலிருந்தே வலது காதில் தண்ணீர் புகுந்ததுபோல அடைப்பாக இருந்தது, நான் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. கடையில் ஒரு சுவர் நிறைய ஹெட்போன்கள், முன்னால் நாற்காலிகள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம், யாரும் எழுப்பமாட்டார்கள். தெரிந்த பாட்டை வைத்துத்தான் ஹெட்போனை எடைபோட வேண்டும் என்று என்னுடைய இசைத்தட்டு ஒன்றைக் கையோடு கொண்டு போயிருந்தேன், உனக்குத் தெரியும், அந்த மூன்று பேர் ஜாஸ் குழு, பியானோ இடது பக்கம், பெரிய பாஸ் வாத்தியம் வலது பக்கம், நடுவில் ட்ரம். முதலில் காதை முழுக்க மூடுகிற ஒன்றைப் போட்டேன். பியானோ கண்ணாடிபோல வந்தது, பாஸைக் காணோம். அடுத்ததிலும் காணோம். அதைவிட விலை கூடியதிலும் காணோம். நான் கடைக்காரரைக் கூப்பிட்டு, இவ்வளவு விலை வைத்து விற்கிறீர்கள், வலது பக்கம் செத்துக் கிடக்கிறதே என்று கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன். அவர் பதறிப் போய் வேறு கம்பி மாற்றிக் கொடுத்தார். உன் அம்மா வாங்கித் தன் தலையில் மாட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் நல்லாத்தானே கேக்குது, எனக்கே டொம் டொம்முன்னு நெஞ்சுல இடிக்குது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். நான் வாங்கி மாட்டினேன். இப்போது பாஸ் வந்துவிட்டது. ஆனால் பியானோ போய்விட்டது. அவள் இடம் வலம் மாற்றிக் கொடுத்துவிட்டாள் என்று புரிய ஒரு கணம் ஆயிற்று. அது புரிந்ததும் மற்றதும் புரிந்தது. கெட்டுப்போனது கடைக்காரருடைய பொருள் இல்லை மிசுஹோ, என்னுடைய காது.

ஒன்றும் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கடைக்காரர் குனிந்து வணங்கி வழியனுப்பினார், நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவுக்குப் பசி, மிசோ உடோன் நூடுல்ஸ் சாப்பிட ஒரு கடையில் உட்கார்ந்தோம். அவள் என் வலது பக்கம் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள், நான் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோளில் ஒரு தட்டு தட்டி, "என்னங்க, மூணு தரம் கேட்டுட்டேன், முட்டை வேணுமா வேணாமா" என்றாள். அப்போதுதான் சொன்னேன். அவள் சாப்பாட்டுக் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "கல்யாணம் ஆனதுலேருந்து நான் சொல்றது உங்க காதுல விழுந்ததே இல்ல, எப்படித்தான் கண்டுபிடிக்கிறது" என்று சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. உடோனை அப்படியே வைத்துவிட்டு எழுந்தோம்.

அன்றே திறந்திருந்த ஒரு காது டாக்டரிடம் போனோம். உன் வயதுப் பெண். ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்துத் தலையில் ஹெட்போன் மாட்டினார்கள், வாங்கப் போனது கிடைக்கவில்லை, வேண்டாத இடத்தில் தானாக வந்து தலையில் ஏறிக்கொண்டது. ஒலி கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். இடது காதுக்கு அழுத்தினேன். வலது காதுக்கு மாறியதும் ஒன்றுமே இல்லை. அந்த அமைதி தந்த மாதிரி ஒரு பயத்தை நான் அறிந்ததில்லை. ஒலி வருகிறதா, இன்னும் ஆரம்பிக்கவில்லையா, எப்படித் தெரியும்? மனசு கேட்காமல் சும்மாவே அழுத்திப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து டாக்டர், "கேக்கும்போது மட்டும் அழுத்துங்க கம்பே சான், கேக்கலைன்னா அது உங்க தப்பு இல்ல" என்றாள். திடீரென்று வருகிற செவிடாம் அது. மாத்திரை எழுதினாள். சிலருக்கு முழுசாகத் திரும்பும், சிலருக்குப் பாதி, சிலருக்குத் திரும்பாமலே போகும், நீங்கள் உடனே வந்தது நல்லது, அதற்கு மேல் சத்தியம் செய்து தர முடியாது என்றாள்.

பிறகு வந்த வாரங்களை என்னவென்று எழுத. காதுக்குள் அரிசிக் குக்கர் ஆவி விடுகிற சத்தம், ஓயவே இல்லை. வலது பக்கம் வந்த சைக்கிள் சட்டையை உரசிக்கொண்டு போன பிறகுதான் தெரிந்தது. எத்தனை வருஷம் பஸ் ஓட்டியவன், இப்போது தெருவைக் கடக்க அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா குளிக்கப் போனால் விழுந்துவிடுவாளோ, விழுந்தால் எனக்குக் கேட்காதே என்று கதவுக்குப் பக்கத்திலேயே இடது காதை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் உள்ளேயிருந்து, "உயிரோடதான் இருக்கேன், போங்க" என்று கத்துவாள். எல்லாவற்றையும்விட, இதுவும் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால் என்று இந்த நல்ல காதைப் பற்றித்தான் பயம். உனக்குத் தெரிவிக்க வேண்டாம், பிள்ளை தூர தேசத்தில் கிடந்து தவிப்பாள் என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டோம், கோபித்துக்கொள்ளாதே.

மாத்திரை முடியும் சமயத்தில் ஒரு பகல் வேளை, கீழே குப்பை வண்டி வந்து நின்றது, அதன் எஞ்சின் உறுமல் வலது பக்கமும் இருந்தது. தாழ்ந்த ஒலி திரும்பிவிட்டது. மெல்லிய உச்ச ஒலி வரவில்லை, இனி வராது போலிருக்கிறது என்கிறாள் டாக்டர். அளவாக வைத்தால் பாட்டுக் கேட்கலாம் என்றும் சொன்னாள்.

போன வாரம் மறுபடியும் அந்தக் கடைக்குப் போனோம். முதல் வேலையாக அந்தக் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். "காது கிடைச்சுடுச்சுங்களா, அதைத்தான் நாங்க விக்கிறதில்ல" என்றார், நல்ல மனிதர். மூடுகிற ரகத்தைப் போட்டால் காதின் இரைச்சல்தான் பெரிதாயிற்று, அம்மா கூப்பிட்டாலும் தெரியவில்லை, பயந்து கழற்றிவிட்டேன். காதுமூடியின் வெளிப்பக்கம் வலைபோலத் திறந்த ரகம் ஒன்றைக் காட்டினார், காற்றாட இருக்கிறது, மூக்குக்கண்ணாடியை அழுத்தவில்லை, பாட்டுக்கு நடுவிலும் அம்மா இருமுவது கேட்கிறது. வெளியே கசிகிற ஒலி ஒதாகிரி அம்மாள் வரைக்கும் போகாது. இடம் வலம் இரண்டு தரம் சரிபார்த்து மாட்டி, என் இசைத்தட்டைப் போடச் சொன்னேன், கண்ணை மூடிக்கொண்டேன், வலது பக்கத்தில் பாஸ், மெலிந்துபோய், சாயம் வெளுத்து, ஆனால் ஒரு அடியும் தவறாமல் நடந்து வந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டப் போய்விட்டாள்.

நீ ட்ராமில் போகும்போதெல்லாம் காதுக்குள் சின்னதை அடைத்துக்கொண்டு, சத்தத்துக்கு மேல் சத்தம் வைத்துக் கேட்பவள். குறைத்து வை. விலையைப் பார்த்து வாங்காதே, விளம்பரத்தைப் பார்த்தும் வாங்காதே, தெரிந்த பாட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பொறுமையாகக் கேட்டு வாங்கு. ஒரு பக்கம் மங்கினால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதே, விடுப்பு கிடைக்காது என்று சொல்லாதே, ஓடு. நான் இன்னமும் காலையில் கண் விழித்ததும் முதலில் இரண்டு காதுக்கும் பக்கத்தில் விரலைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன், அம்மா பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்கிறாள்.

நீ நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இரு. குளிருக்கு முன்னால் கம்பளி மேலங்கியைச் சரிபார்த்து வை. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், இந்தத் தடவை வலது காதில் வைத்துத்தான் பேசப்போகிறேன். உன் குரல் எங்கேயோ தூரத்திலிருந்து வருவதுபோல இருக்கும். இருந்தால் என்ன, நீ தூரத்தில்தானே இருக்கிறாய்.

என்றும் உன் நலத்தையே நினைக்கும்
அப்பா, கம்பே தோகுஜி
(பக்கத்தில் அம்மா சுமியே, ஒரு வரி விடாமல் படித்துவிட்டாள்)