மீன்கடையில் உறைந்த தாள்கள்

மெம்ஃபிஸ்
பிப்ரவரி 20

அன்பு மகள் நடீனுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நடமாடிக்கொண்டிருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் சியாட்டில் மழையில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருங்கள்.

போனில் சொல்ல மனம் வராமல்தான் எழுதுகிறேன். போன வாரக் குளிரில் குழாய் வெடித்து நிலவறையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். உன் அம்மாவின் பெட்டிகள் அங்கேதான் இருந்தன. கறுப்பர் சரித்திரத்தை யார் வாங்குவார்கள் என்று பதிப்பகத்தார் திருப்பியனுப்ப, அவளே அச்சடித்து ஒவ்வொரு சர்ச்சாகச் சுமந்து விற்றாளே, அந்தப் புத்தகங்களின் கையெழுத்துப் பிரதிகள், வயதானவர்களிடம் கேட்டு எழுதியவை, எல்லாம் நனைந்து ஒட்டிக்கிடந்தன. கல்லூரி நூலகத்துப் பெண்ணைக் கூப்பிட்டேன். பிரிக்காதீங்க, ரெண்டு நாள்ல பூஞ்சை பிடிச்சிடும், உடனே உறையவெச்சிட்டா அப்புறம் நாங்க மெல்லக் காயவெச்சுக்குவோம் என்றாள். நம் ஃபிரிட்ஜில் ஒரு பெட்டிகூட நுழையாது. மீன்கடை கிளிஃப்டனிடம் போய் நின்றேன். அவன் தாத்தா பருத்திக்காட்டு முதலாளிக்குக் கங்காணியாக இருந்து நம் ஆட்களை அடித்ததை உன் அம்மா புத்தகத்தில் போட்டதிலிருந்து அவன் நம்மோடு பேசுவதில்லை, உனக்கே தெரியும். கத்தியைத் துடைத்தபடியே கேட்டவன், எங்க தாத்தா விஷயமும் அந்தப் பெட்டியிலதான் இருக்கா அண்ணே என்றான். இருக்கு என்றேன். அந்தம்மா பொய் எழுதல, அதுதான் எனக்குக் கோவமே, கொண்டாங்க என்று சொல்லி, ஐஸ் அறையிலிருந்த கெளுத்தி மீனையெல்லாம் அன்றே பொரித்துத் தெருவுக்கே கொடுத்துவிட்டான். பெட்டிகளையும் அவனே சுமந்தான்.

நேற்று நூலகத்து வண்டி வந்து எடுத்துப் போயிற்று. பெரும்பாலும் பிழைத்துவிடுமாம். சலவைக்கூடப் பெண்களின் வேலைநிறுத்தத்தைப் பற்றி சாகும் முன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மைப்பேனாவால் எழுதினாளே, அது மட்டும் போய்விட்டது மகளே. தாள் தாளாக வெறும் நீலம். வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பெண்களில் இன்னும் இருப்பவள் ஓஸெல்லா அக்கா ஒருத்திதான். கைத்தடியோடு வந்து நின்று, நான் இன்னும் சாகலையே ஆல்வின், மறுபடி சொல்றேன், யாரு எழுதப்போறா, அதைச் சொல்லு என்றாள். நான் எழுதுகிறேன் என்றேன். பஸ் ஓட்டிய கை, அக்கா சொல்லும் வேகத்துக்கு ஓடமாட்டேன் என்கிறது, ஆனாலும் தொடங்கிவிட்டோம்.

முதல் பக்கங்களை இதோடு வைத்திருக்கிறேன். என் எழுத்துப் பிழைகளைத் திருத்து. அக்காவின் பேச்சைத் திருத்தாதே, உன் அம்மா அதற்கு ஒருநாளும் சம்மதித்ததில்லை. இரும்பு மாத்திரையை மறக்காதே. கர்த்தர் உங்கள் இருவரையும் கையில் வைத்துக் காப்பாராக.

உன் அப்பா,
ஆல்வின் பெட்டிகுரூ