ஏவாளுக்கு அளவெடுத்தேன்

9 ஜனவரி 2025, வியாழன்
பொங்கல் தையல் குவிந்து கிடக்கிறது. இன்று மட்டும் பதினொரு ஜாக்கெட். நடுவில் பொன்னழகு அக்கா வந்தார். "மகேசு, இதுவும் உக்காரலத்தா." மூன்றாவது தடவை! அவர் கொடுத்த அளவு ஜாக்கெட்டை மேலே வைத்துப் பார்த்தேன், ஒரு நூல் பிசகவில்லை. திண்டுக்கல்லில் இருபது வருடமாகக் கத்தரி பிடிக்கிறேன், என்னிடமா? டேப் வைத்து அளக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாமென்று அதே பழைய ஜாக்கெட்டை நீட்டினார். இங்கே எல்லோரும் அப்படித்தான். உடம்பில் டேப் படவிட மாட்டார்கள், பழைய ஜாக்கெட்டைக் கொடுத்து இதே மாதிரி தை என்பார்கள்.

20 ஜனவரி
அஞ்சல் வழி எம்.ஏ. வரலாற்றுக்கு ப்ராஜெக்ட் தலைப்பு கொடுத்துவிட்டேன்: ஐரோப்பிய ஓவியங்களில் ஆடையில்லாத பெண். என் வழிகாட்டி ஜீனத் மேடம் என்னைவிடப் பத்து வயது சின்னவர். "செய்வீங்களாக்கா?" என்றார். ஏன் செய்ய மாட்டேன்? பெண் உடம்பைப் பற்றி எழுத தையல்காரியைவிட யாருக்குத் தகுதி?

2 பிப்ரவரி, ஞாயிறு
படங்களைப் பெரிதாக பிரிண்ட் எடுத்து வெட்டு மேசைக்கு மேலே குத்தினேன். டீயோடு வந்த என் வீட்டுக்காரர் அழகுராஜா நேராகக் காலண்டரைப் பார்த்து நின்றார். "கதவையாச்சும் சாத்திக்க" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டார்.

நடுவில் இருப்பவள் ஏவாள், அறுநூறு வருடத்துக்கு முந்தியவள். மார்பு சின்னது, வெகு மேலே. இடுப்பு அதன் அடியிலேயே தொடங்கிவிடுகிறது. வயிறு முன்னால் தள்ளி நிற்கிறது. "வரைந்தவருக்கு அளவே தெரியவில்லை" என்று நோட்டில் எழுதினேன்.

5 பிப்ரவரி
அந்த வரியை அடித்துவிட்டேன். அளவு தெரியாதது எனக்குத்தான்! அதே காலத்து உடுத்திய பெண்களின் படங்களை இன்றுதான் பார்த்தேன். மார்புக்கு நேர் கீழே பட்டை, அங்கிருந்து வயிற்றின் மேல் கொசுவம். ஏவாளின் உடம்பும் அந்த அளவில்தான் இருக்கிறது. துணியைக் கழற்றியும் தையல் உடம்பைவிட்டுப் போகவில்லை.

மேடத்துக்கு போன் செய்தேன். இதை முன்பே எழுதியிருக்கிறார்களாம். "ஆனா எனக்குத் தெரிஞ்சு யாரும் தச்சுப் பாக்கலக்கா" என்றார். நான் தைப்பேன்.

11 பிப்ரவரி
பொன்னழகு அக்கா வந்தார். படங்களைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தைக்கக் கொடுத்திருந்த துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போகட்டும்.

இல்ல, எப்படிப் போகட்டும்னு விடுறது? இருபது வருசப் பழக்கம். நான் என்ன தப்பு செஞ்சேன்? தெருவில் பேசுகிறார்கள், படங்களைக் கொஞ்ச நாளைக்கு எடுத்து வை என்கிறார் வீட்டுக்காரர். எடுத்துரவா?

12 பிப்ரவரி
எடுக்கவில்லை.

22 மார்ச், சனி
வைவா. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், ஆடையில்லாத பெண்ணுக்குத் தையல்காரி எதற்கு என்று சிரித்தார். நான் பையைத் திறந்து காடாத்துணி மேல்சட்டையை மேசையில் விரித்தேன். ஏவாளின் உடம்பை மட்டும் பார்த்து, தலையளவை வைத்துக் கணக்குப்போட்டு வெட்டியது. பக்கத்தில் அதே காலத்து உடுத்திய பெண்ணின் படம். இடுப்புத் தையல் இரண்டிலும் ஒரே இடம்! அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார், அப்புறம் சிரிக்கவில்லை. சட்டையைத் துறைக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டார்.

பஸ் ஸ்டாண்ட் வரை நடந்தே வந்தேன். தலை நிமிர்ந்துதான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

30 மார்ச், ஞாயிறு
மத்தியானம் பொன்னழகு அக்கா வந்தார். கதவை அவரே சாத்தினார். கையில் துணி மட்டும், அளவு ஜாக்கெட் இல்லை. ஏவாளுக்கு முன்னால் போய் நின்றார்.

"போன வருசம் மதுரையில ஆப்பரேசன் மகேசு. மாருல ஒரு பக்கம் எடுத்துட்டாக. யார்ட்டயும் சொல்லல. பழைய ஜாக்கெட்டயே கொடுத்து ஒன்னய அலைக்கழிச்சுட்டேன்."

அன்று அவர் போனதற்கு நான் என்னென்னவோ நினைத்தேனே.

"இவ எப்படி இருக்காளோ அப்படியே நிக்கிறா பாரு" என்றார். பிறகு முந்தானையை இறக்கினார். "நீயே அள."

அளந்தேன். வலது பக்கம் ஒரு அளவு, இடது பக்கம் ஒரு அளவு, தனித்தனியாக நோட்டில் எழுதினேன். இருபது வருடத்தில் பொன்னழகு அக்காவின் அளவு என் நோட்டில் ஏறுவது இதுவே முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை வாங்கிக்கொள்ளச் சொன்னேன். இது உட்காரும்.